வாய் தைக்காத மெத்தை

கொங்கு நாட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் சீரோடு ஒரு இலவம்பஞ்சு மெத்தையும் போகும். ஷேக் பரீத் பாய் தைத்த மெத்தை அன்னூர்ப் பக்கம் பல வீடுகளில் உண்டு. ஒப்பணக்கார வீதிச் சந்தில் அவர் கடையை ஒட்டினாற்போல் என் பெயிண்டுக் கடை. ‘இன்னாசிமுத்து பெயிண்ட்ஸ்’ என்று பெரிதாக எழுதி வைத்திருப்பேன். அந்த வருஷம் அதைப் படிக்கக்கூட ஆள் வரவில்லை.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் குண்டுகள் வெடித்த பிறகு கோயமுத்தூரில் வியாபாரம் படுத்துவிட்டது. கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் போனார்கள். எனக்குப் பாதி வியாபாரம் போனது, பாய்க்கு முழுசாகவே போனது. ஆறு மாதத்தில் ஒரு மெத்தைகூட விற்கவில்லை. பாலக்காட்டுக்கு, தன் அண்ணன் வீட்டுக்கே போய்விடலாம் என்று அவர் மனைவி உம்மல் குல்சும் தினமும் நச்சரித்தார். ஒரு தப்பும் செய்யாத மனுஷன் எதற்கு ஊரை விட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் பொங்கும். பொங்கி என்ன, நான் அவரிடம் ஒரு தலையணைகூட வாங்கியதில்லை.

ஆவணியில் அன்னூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. ராமாமணி என்ற அம்மாள் மூத்த மகள் கல்யாணத்துக்கு மெத்தை கேட்டிருந்தார். அவருடைய கல்யாண மெத்தையும் பாய் தைத்ததுதானாம்.

“இது நல்லபடியாப் போயிச் சேந்துச்சுன்னா இங்கயே இருந்துக்கறேனுங்க. இல்லாட்டிப் பாலக்காடுதான்” என்றார் பாய்.

கல்யாணத்துக்கு முதல் நாள் துணைக்குக் கூப்பிட்டார், போனேன். மெத்தையைப் பார்த்தால் மூன்று பக்கம் தைத்திருக்கிறது, ஒரு பக்கம் திறந்து கிடக்கிறது.

“ஏனுங்க பாய், வாய் தைக்கலீங்களா?”

“வழியில செக்கிங் இருக்குதுங்க. தைச்சுப்போட்டாக் கிழிச்சுப் பாப்பாங்க. தொறந்து கெடந்தா கைய உட்டுப் பாத்துக்கலாம். அங்க போயித் தைச்சுக்கறேன்.”

ஊசியும் நூலும் சட்டைப் பையில் இருந்தன. கிழித்துப் பார்ப்பார்கள் என்பதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். மெத்தையைச் சுருட்டிப் பின்சீட்டில் என் பக்கத்தில் வைத்துவிட்டு, பாய் இடம் கிடைத்த முன்பக்கம் போய் உட்கார்ந்தார். கணபதி தாண்டியதும் ஒருவர் கேட்டார்.

“இந்த மூட்டை ஆரோடதுங்க?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவன் நான். என்னுடையது என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

முன்னாலிருந்து பாய் எழுந்தார். “என்னோடதுங்க. மெத்தைங்க, கல்யாண ஊட்டுக்கு.”

இரண்டு பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். சரவணம்பட்டியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கியது. ஒரு போலீஸ்காரர் மெத்தைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். பஞ்சு பறந்தது. எதுவும் இல்லை, போகச் சொன்னார். அதன் பிறகும் அன்னூர் வரை அந்தப் பின்சீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை.

கல்யாண வீட்டில் பந்தல் நிறைய உறவுக்காரர்கள். ராமாமணியின் கணவர் திருமூர்த்திதான் முதலில் மெத்தையைப் பார்த்தார்.

“நல்ல காரியத்துக்குக் கொண்டார பொருளு இப்படியா வாயப் பொளந்துட்டுக் கெடக்கும்? திருப்பூர்ல வாங்கலாம்னு அப்பவே சொன்னேன். எடுத்துட்டுப் போயிருங்க.”

கூட்டம் கூடிவிட்டது. ஆறு மாதப் பட்டினியும் பாலக்காடும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ராமாமணி உள்ளேயிருந்து வந்து, ஏன் இப்படி என்று கேட்டார்.

“எல்லாரும் உள்ள பாத்துக்கட்டும்னுதானுங்க அம்மணி” என்றார் பாய்.

அவர் அதோடு நிறுத்திவிட்டார். எனக்கு அப்போதுதான் வாய் வந்தது. பஸ்ஸில் நடந்ததை, நான் வாயை மூடிக்கொண்டிருந்தது உட்பட, ஒன்று விடாமல் சொன்னேன். திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். ராமாமணி சீர் சாமான் வைத்திருந்த அறையில் தன் கையாலேயே கோரைப்பாய் ஒன்றை விரித்தார்.

“உள்ள வந்து உக்காந்து தைங்க.”

அரைமணி நேரம் தைத்தார். கிளம்பும்போது ராமாமணி வாசல் வரை வந்தார்.

“தையில சின்னவளுக்கும் கல்யாணமுங்க. அதுக்கும் நீங்கதான் தைக்கோணும்.”

“சரிங்க அம்மணி.”

“அதை வாய் தைச்சே கொண்டாங்க. வழியில ஆராச்சும் கேட்டா எங்க ஊட்டுப் பேரச் சொல்லுங்க.”

பாய் தலையை மட்டும் ஆட்டினார். தெரு திரும்பியதும் நின்று, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பாலக்காடு போகலீங்க” என்றார்.