பூட்டிய கதவும் அளவு ஜாக்கெட்டும்

எதிரே உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிற மலைக்காரம்மா ஏன் தண்ணீரே குடிப்பதில்லை? இந்த ஒரு கேள்விதான் என்னைக் கொண்டுபோய்த் தேர்தலில் நிறுத்தியது. நம்பினால் நம்புங்கள்.

கள்ளக்குறிச்சி மார்க்கெட் தெருவில் என் தையல் கடை. கடை என்று சொல்வதே ஜாஸ்தி. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், அதன்மேல் நான், அவ்வளவுதான் கொள்ளும். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள் எதிரே சாக்கு விரித்துப் புளி, நெல்லிக்காய், சாமை என்று விற்பார்கள். எனக்கு நேர் எதிரே உட்காருகிறவளுக்கு என் வயதுதான் இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும்போது தண்ணீர் பாட்டிலை நீட்டுவேன். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மலைத் தண்ணீர் குடித்த நாக்குக்கு நம்ம ஊர்த் தண்ணீர் இறங்காதாக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்தான்.

எனக்கு ஒரு கெட்ட புத்தி. ஒன்று ஏன் என்று தெரியாவிட்டால் அன்றைக்குத் தைக்கிற தையலெல்லாம் கோணிக்கொண்டு போகும். ஒருநாள் கேட்டே விட்டேன். அவள் சிரித்தாள். குடித்தால் ஒதுங்கப் போகவேண்டுமே, எங்கே போவது என்றாள். விடிகாலையில் பஸ் ஏறுமுன் ஒருமுறை. அப்புறம் பொழுது சாய மலையேறி ஊரில் இறங்கினபிறகுதான். அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அதே கதைதானாம்.

எங்கள் வீடு ரெண்டு தெரு தள்ளி இருக்கிறது. அவளை அங்கே கூட்டிப் போய் வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சாமையில் மாடு வாய் வைத்துக்கொண்டிருந்தது. அதோடு அவள் கூப்பிட்டாலும் வருவதில்லை.

என் கடைக்கு நாலு கடை தள்ளி நகராட்சிக் கழிப்பிடம் ஒன்று இருக்கிறது. சுவரில் பொம்பளைப் படம், கதவில் பூட்டு. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன், திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்குப் போய் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். கதவு முழுக்கத் துரு. பூட்டு மட்டும் எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தது. யாரும் திறக்காத கதவின் பூட்டுக்கு எவன் எண்ணெய் போடுவான்? என் கெட்ட புத்தி அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது.

தெரு பெருக்குகிற அம்மாவைக் கேட்டேன். மார்க்கெட் குத்தகைக்காரரிடம் சாவி இருக்கும் என்றார். அவரோ ஆபீசில் கேளுங்கள் என்றார். ஆபீசில் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் வார்டு கவுன்சிலரைப் பாருங்கம்மா என்று முடித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மலைக்காரம்மா சுருண்டு விழுந்தாள். ரெண்டு நாளாக நீர்க்கடுப்பாம், காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இப்படியே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கிட்னியே போய்விடும் என்று டாக்டர் அவளைத் திட்டினார். அவள் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். கவுன்சிலர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். தன்மையாகத்தான் பேசினார். அங்கே தண்ணீர் கனெக்‌ஷன் இல்லை, எழுதிப் போட்டிருக்கிறோம், பார்க்கலாம் என்றார். உள்ளேயிருந்து ஒரு அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன், டம்ளரைக் கொடுத்தேன், கிளம்பினேன்.

தெருமுனை திரும்பியதும் கால் நின்றுவிட்டது. அந்தம்மா போட்டிருந்த ஜாக்கெட். கிளிப்பச்சை, கையோரத்தில் கடுகு நிறப் பைப்பிங். அது நான் தைத்தது. போன தேர்தல் முடிந்த கையோடு துணியும் அளவு ஜாக்கெட்டும் ஆள் மூலமாக வந்தன. பதவியேற்புக்குப் போடவேண்டிய ஜாக்கெட், ஜாக்கிரதையாகத் தையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அளவுதான் வந்தது, போடப்போகிறவள் வரவில்லை.

எங்கள் வார்டு பெண்கள் வார்டு, பொம்பளைதான் நிற்க முடியும். அந்தம்மாவுக்கு ஓட்டுப் போட்டதும் நான், ஜாக்கெட் தைத்ததும் நான், அவள் கையாலேயே மோர் வாங்கிக் குடித்துவிட்டு அவள் புருஷனைக் கவுன்சிலர் என்று கும்பிட்டதும் நான்தான். நான் மட்டும் என்ன, வார்டே அப்படித்தான் சொல்லும். அவர் கவுன்சிலர், அவள் கவுன்சிலர் சம்சாரம். நடுத்தெருவில் நின்று சிரித்தேன். சிரித்து முடித்தபிறகு வெட்கமாக இருந்தது.

அவர் ஒரு கல்யாணத்துக்காக உளுந்தூர்பேட்டைப் பக்கம் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து மறுபடி போனேன். முதலில் என் தொழிலில் ஆரம்பித்தேன். ஜாக்கெட் கை பிடிக்கிறதா என்று கேட்டேன், லேசாகப் பிடிக்கிறது என்றாள். அப்புறம் சாவியைக் கேட்டேன். 

"இதுவரைக்கும் என்னை யாரும் ஒண்ணும் கேட்டதில்லைங்கக்கா," என்றாள்.

சாமி அறையில் ஒரு கொத்துச் சாவி தொங்குகிறது, எது எதற்கென்று தெரியாது என்று சொல்லிவிட்டுக் கொத்தையே எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரே குடையில் ரெண்டு பேரும் மார்க்கெட் தெருவில் நடந்தோம். எல்லோரும் எனக்குத்தான் வணக்கம் வைத்தார்கள். அவளை யாரோ துணி கொடுக்க வந்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

நாலைந்து சாவி மாற்றிப் போட்டதும் பூட்டு வெண்ணெயாகத் திறந்துகொண்டது. உள்ளே பந்தல் கம்பு, கட்சிக் கொடி, கூரைவரை அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலி. கவுன்சிலர் வீட்டு வாசலில் பார்த்த அதே சிவப்பு நாற்காலி. அவள் நாற்காலிகளுக்கு நடுவே கையை நுழைத்தாள். எட்டிக் குழாயைத் திருகினாள். குழாய் இருமியது, பிறகு தண்ணீர் கொட்டியது. கனெக்‌ஷன் இல்லாத இடத்தில் கொட்டுகிற அந்தத் தண்ணீரை ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலிகளை வெளியே தூக்கிவைக்க ஆரம்பித்தாள்.

மலைக்காரம்மாதான் முதலில் போனாள். வெளியே வந்ததும் என் கடைக்கு வந்து பாட்டிலைக் கேட்டாள். அண்ணாந்து, கழுத்தெல்லாம் வழிய, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

கவுன்சிலரம்மாவின் புருஷன் ஊர் திரும்பிய மறுநாள் நாற்காலிகள் உள்ளே போய்விட்டன. புதுப் பூட்டும் வந்துவிட்டது. கவுன்சிலரம்மா என் கடைக்கு வந்தாள். ஆள் மூலமாக இல்லை, அவளே வந்தாள்.

"சாவி இப்ப அவரு பாக்கெட்லயே இருக்குதுங்கக்கா," என்றாள்.

நீதானே கவுன்சிலர் என்று கேட்டேன். பேருக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அளவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினாள். எடுத்தேன். அவள் போனபிறகும் என் தலைக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பதவியில் உட்கார்ந்தவள் சாவியைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா, இல்லை எந்தப் பொம்பளை கைக்குமே அது வராதா? வெளியே நின்று கேட்டால் எனக்குத் தெரியாது. உள்ளே போய்த்தான் பார்க்கவேண்டும்.

தேர்தல் வந்தது. இந்த முறையும் எங்களுடையது பெண்கள் வார்டுதான். சுயேச்சையாக நிற்கப்போகிறேன் என்று சாப்பாடு போடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், நல்ல மனுஷன்.

"இன்னாத்துக்குடி? அந்த மலைக்காரங்களுக்கு இங்க ஓட்டே கெடையாதே," என்றார்.

நியாயம்தான். அவர்கள் ஓட்டு மலையில் இருக்கிறது. ஓட்டு இருக்கிற நாம்தான் இத்தனை நாள் பூட்டைப் பார்த்துக்கினு போனோம் என்றேன். அவர் சரி நில்லு, நான் இருக்கிறேன் என்றார். எனக்கு அவர்மேல் ஆசை பொங்கிக்கொண்டு வந்தது.

விடிந்ததும் கடை திறக்கக் கூடவே வந்தார். பக்கத்து டீக்கடை மாஸ்டருக்கு அதற்குள் சேதி போய்விட்டிருந்தது.

"வாங்க கவுன்சிலரே," என்றார் மாஸ்டர், என் வீட்டுக்காரரைப் பார்த்து.

இவர் முகமெல்லாம் பல்லாக, "ரெண்டு டீ போடுப்பா," என்று பெஞ்சில் காலை விரித்து உட்கார்ந்தார்.

நான் மெஷினை விட்டு எழுந்து போய் அவர் எதிரே நின்றேன்.

"சாவியையும் நீங்கதான் வெச்சிப்பீங்களா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. தெருவுக்கு அந்தப் பக்கம் மலைக்காரம்மா, நான் கொடுத்திருந்த தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, ஓரமாகத் துப்பினாள்.