லேசர் பெட்டிக்குள் பிரம்மதேசத்துத் தண்ணீர்

லேசர் எப்படிப் பிறக்கிறது என்று யார் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவேன், கேட்காவிட்டாலும் பேசுவேன். அப்பேர்ப்பட்ட நான்தான் 2005-இல் ஒரு லேசருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியவன்.

பெரிய முதலியார்சாவடியில் எங்கள் பட்டறை. எஃகுத் தகட்டில் தலைமுடியைவிடச் சிறிய ஓட்டைகள் போடும் மெஷின். நான் அதற்கு வரைபடம் போடுகிறவன். லேசர் பிறக்கும் பெட்டிக்குள் ஒரு விளக்கும் படிகக் கோலும் தண்ணீரில் முழுகிக் கிடக்கும். அதற்கென்று உப்பு நீக்கிய தண்ணீர் கேனில் வரும். மெஷின் ஓட்டும் பெண் விடுப்பில் போன ஒரு நாள் கேன் காலி. குடிக்க ஒரு கேனில் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த, எங்கள் ஊர் பிரம்மதேசத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். மரக்காணம் பக்கத்தில் நாங்கள் அறிந்தது இரண்டே தண்ணீர்: உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. இது நல்ல தண்ணி. அவ்வளவுதான் யோசித்தேன்.

சில நாளில் லேசர் செத்தது. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் பெட்டியைத் திறந்தால், விளக்கு முழுக்க உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவு.

"யாரு தண்ணி ஊத்துனது?"

மேனேஜர் யோசிக்கவே இல்லை. அந்தப் பெண்ணைக் காட்டினார். அவள் மரக்காணத்து உப்பளக் குடும்பம். "உப்பளத்து ஆளு வேணாம்னு அப்பவே சொன்னேன். நாளையிலேர்ந்து வராதம்மா."

எனக்கு ரத்தம் கொதித்தது. உப்பளத்தில் பிறந்தால் விரலில் உப்பா சொட்டும்? ஒரு வார்த்தை விசாரித்தாரா? மேசையைத் தட்டி, "ஊத்துனவன் யாருன்னு கண்டுபிடிச்சே ஆவணும்" என்று கத்தினேன். என் கேன் நினைவுக்கே வரவில்லை, நம்பினால் நம்புங்கள்.

அவள் பெட்டியிலிருந்து வடித்த தண்ணீரில் விரலை நனைத்து, உப்புப் பாத்தித் தண்ணீரைப் பதம் பார்ப்பதுபோல நாக்கில் வைத்தாள்.

"கம்பெனி கேன் தண்ணி சப்புன்னு இருக்கும். இங்க போர் தண்ணி கரிக்கும். இது இனிக்குது. சாரு தினம் எடுத்தார்ற தண்ணி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான்தான்" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "அட, நீங்களா சார். படிச்சவங்களுக்கு ஆயிரம் யோசனை. வுடுங்க." அவளிடம், "நாளைக்கு வந்துடும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

அவள் செய்திருந்தால் வேலை போகும். நான் செய்ததால் அது வெறும் மறதி. ஒரு மன்னிப்புகூட இல்லை. அன்றே அவளிடம் போய், இந்த அநியாயத்தைச் சும்மா விடக்கூடாது, முதலாளிக்கு எழுதப்போகிறேன் என்று ஆவேசமாக ஆரம்பித்தேன்.

விளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எழுதுங்க சார். ஆனா அந்தக் கத்து கத்துறதுக்கு முன்னாடி, உங்க கேன ஒரு வாட்டி எட்டிப் பாத்திருக்கலாம்."