விரலுக்கடியில் ஒரு துணி

பார்வை போன என் அக்காளுக்காகச் வேதாகமத்தின் சங்கீதங்களை வாசித்துக் கணினியில் பதிவு செய்கிறேன். பதிவில் நிமிடத்துக்குப் பதினொரு சொடுக்குச் சத்தம் விழுந்தது. "கேட்டா தலை வலிக்குலே, இனி அனுப்பாண்டாம்" என்று அக்காள் போனில் சொல்லிவிட்டாள்.

வடசேரியிலுள்ள கணினிக் கடையிலிருந்து ஒரு பெண் பழுது பார்க்க வந்தாள். நாற்பது வயதிருக்கும். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் கண்ணை மூடி, வாயைச் சற்றே திறந்துகொள்வாள்.

"மைக் ஒரு சவுண்ட் கார்டுல, ஸ்பீக்கர் இன்னொண்ணுல. ரெண்டும் ஒரே வேகத்துல ஓடாது சாரே, இடையில சறுக்கும், அதான் சொடுக்கு."

இரண்டையும் ஒரே கார்டுக்கு மாற்றினாள். மறுபடி வாசித்துப் பதிந்தேன். பதினொன்று நான்கானது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இது கார்டு இல்ல. ஒவ்வொரு வசனம் முடியும்போதும் விரலால மேசையில தட்டுதிய."

"எண்ணாம வாசிச்சா வசனம் விட்டுப்போவும் மக்கா."

"அக்கா என்ன, எண்ணிக்கிட்டா இருக்கப்போறாவ?"

அவள் தூசி துடைக்கும் தன் துணியை மடித்து என் விரலுக்கடியில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

துணிமேல் தட்டினால் பதிவில் விழுவதில்லை; அக்காள் இப்போது தினமும் பதிவைக் கேட்கிறாள். தட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் அந்தப் பெண்ணுக்குச் சுலபம். ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. துணியைக் கேட்டு அவள் வரவில்லை. நானும் திருப்பிக் கொடுக்கவில்லை.