கன்னத்தில் கைவைத்தவர்

நானும் அப்பாவும் புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில், நூலகத்தில் எடுத்த நாவலின் பின்னட்டையில், கன்னத்தில் கைவைத்தபடி அதன் ஜப்பானிய எழுத்தாளர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் மேசைக்கு மேலே ஒட்டியிருந்த அதே படம். அப்பாவும் அப்படி இருந்துதான் எழுதுவார்.

காய்ச்சலில் அம்மா பழைய காதலனின் பெயரைப் பிதற்றியதை அப்பா அதே பெயரோடு கதையாக்கிப் பத்திரிகையில் போட்டார். என்னைக் கூட்டிப்போக அம்மா பள்ளிக்கூடம் வந்தபோது, வகுப்புப் பெட்டைகள் அந்தப் பெயரைக் கத்திச் சிரித்தார்கள்.

“இஞ்சாருங்கோ, ஏன் உந்தக் கதையை எழுதினனீங்கள்?” என்று அம்மா அழுதாள்.

அப்பா படத்தைக் காட்டினார். “அந்த மனுசன் தன்ர வீட்டு அசிங்கத்தை எழுதித்தான் பெரிய ஆளானவர்.”

அம்மா அதற்குப் பிறகு வெளியே போகவேயில்லை.

நூலகத்திலிருந்து வீடு திரும்பினால், வயதாகி நடக்க முடியாத அப்பா படுக்கையிலேயே மலம் கழித்திருந்தார். துடைத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

“ஓமப்பா” என்றேன்.

கன்னத்தில் கைவைத்தபடி இதை எழுதுகிறேன்.