பாதியில் இறங்கிய கல்

பிரமிடுக்குக் கல் இழுக்கும் வேலையில் தெசேன் எனக்கு முன்னால் கயிறு பிடித்தவன். அதனால் பல வருஷம் நான் அதிகமாகப் பார்த்தது அவன் முதுகைத்தான். வலது தோள் சற்றுத் தொங்கியிருக்கும். தெற்கே ஆற்றோரக் கிராமத்திலிருந்து ஒரு வெள்ளப் பருவத்துக்கு மட்டும் என்று சொல்லி அவனை வேலைக்குக் கூட்டி வந்தார்கள். அதே வெள்ளம் அவனுடைய நிலத்தைக் கரையோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. போக இடமில்லாமல் இங்கேயே தங்கி, ரொட்டிக் கொட்டகையில் மாவு பிசைந்த ஹெமியைக் கட்டிக்கொண்டான்.

அரசர் இறந்த சேதி வந்தபோது நாங்கள் சரிவுப் பாதையில் பாதி ஏறியிருந்தோம். பின்னால் சறுக்குக் கட்டையில் வீடு போல ஒரு கல். கீழேயிருந்து ஓடிவந்த ஆள் மேஸ்திரி கானியிடம் ஏதோ சொன்னான். கானி மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கல் வழுக்காமல் ஆப்பு வைத்துவிட்டு நாங்களும் அப்படியே செய்தோம். அழுகை வந்தவர்கள் அழுதார்கள். எனக்கு உட்காரக் கிடைத்ததே பெரிதாக இருந்தது.

துக்கம் முடியுமுன்பே உத்தரவு வந்தது. புது அரசர் தன் பிரமிடுக்கு வடக்கு மேட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பாதியில் நிற்கும் பழைய பிரமிடைச் செங்கல்லால் மூடிவிட வேண்டும். பாதையில் நிற்கும் கற்கள் கீழே இறங்க வேண்டும்.

தெசேன் அந்தக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“இத ஏத்துறதுக்குள்ளயே நாக்கு தள்ளிருச்சு மேஸ்திரி. இப்ப இறக்கணுமா?”

“எனக்கு மட்டும் ஆசையாய்யா? எந்திரி.”

“செத்தவரு வீடு பாதியில நிக்குது. நாம அதுலருந்து கல்ல உருவிக்கிட்டுப் போறோம்.”

“வாய மூடு. யாரு காதுலயாவது விழுந்துச்சு, உன் தோலு போயிரும்.”

“தோலு போகட்டும். இந்தத் தோளும் சேந்து போனா நிம்மதி.”

கானிக்கே சிரிப்பு வந்தது. அன்று அவனுக்குக் கயிறு வேண்டாம் என்று சொல்லி, கட்டைக்குப் பக்கத்தில் ஆப்போடு நடக்க விட்டார்.

ஏற்றுவதைவிட இறக்குவது கொடுமை. கல்லுக்குப் பின்னால் மேட்டுப் பக்கம் நின்று கயிற்றைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தோம். குதிகால் மண்ணை உழுதது. கட்டை வழுக்கிப் போக வழக்கமாகப் பாதையில் தண்ணீர் ஊற்றும் ஈபி, அன்று வேகம் குறைய மணலைத் தூவிக்கொண்டு கல்லுக்கு முன்னால் போனான். பழைய ஈரத்தில் அவன் கால் வழுக்கியது. விழுந்தான். கயிறு எங்கள் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது.

தெசேன் குனிந்து ஆப்பைச் செருகினான். கல் நின்றது. ஈபி புரண்டு வெளியே வந்தான். தெசேன் மட்டும் எழவில்லை. அவன் வலது கை ஆப்போடு உள்ளே இருந்தது.

வைத்தியர் மணிக்கட்டுக்கு மேல் வெட்டியெடுத்து, தேன் தடவித் துணி சுற்றினார். காயம் ஆறும்வரை ஹெமி ஊட்டிவிட்டாள், திட்டிக்கொண்டே.

“ஊருல எல்லாருக்கும் நீதான் ஆப்பு வைக்கணுமா? இனி நமக்கு யாரு சோறு போடுவா?”

காயம் ஆறிய பிறகு ஒருநாள் கானி வந்து வாசலில் நின்றார். “தண்ணி ஊத்த ஒரு கை போதும். ஈபி இனிமே கல்லு முன்னாடி நடக்க மாட்டேங்குறான்.”

தெசேன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். “புது அரசருக்கு என்ன வயசு மேஸ்திரி?”

“இளவட்டம்.”

“அப்பப் பெருசாத்தான் கட்டுவாரு,” என்றான். மறுநாளே வேலைக்கு வந்தான்.

பெரிதாகத்தான் கட்டினார். எங்கள் தலையெல்லாம் நரைத்த பிறகு, உச்சிக் கல் ஏறிய நாளில் மத்தளம் கொட்டினார்கள். ஆளாளுக்கு மாட்டிறைச்சியும் பீரும் கொடுத்தார்கள். தெசேனைக் காணோமே என்று தேடினேன். தண்ணீர்ச் சாடிகளின் நிழலில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பக் குனிந்தேன். ஹெமி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“விடுங்கண்ணே. தூங்கட்டும்.”