மூட்டை மெக்கானிக்

என் நைனா ஒரு பொய்யர். செய்ததைத் தம்பி தலையில் கட்டிவிட்டு நாற்பது வருஷமாக நிம்மதியாக வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார். பெற்ற தகப்பனை இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

செஞ்சியில் அந்த நாளில் வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தாலே பெரிய விஷயம். என் சித்தப்பாவுக்கு அது போதவில்லை. தபாலில் ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். மெட்ராஸில் சாமான் வாங்கிவந்து தன் கையாலேயே ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தார். தச்சரிடம் சொல்லி இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் அடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் என் தோள் உயரம். நைனா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, கோழி அடைக்கறதுக்கா?" என்றார்.

வீட்டின் பின்னறையைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். மாடு கட்டும் கயிற்றால் அளந்து இரண்டு பெட்டிகளையும் வைத்தார். அவற்றுக்கு எதிரே, இரண்டுக்கும் ஒரே தூரத்தில், தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். நாற்காலி அங்கேதான் இருக்க வேண்டும். அம்மா தினமும் காலையில் அதைத் துடைத்துவிடுவாள். சித்தப்பா தினமும் கயிற்றை எடுத்துக்கொண்டு வருவார்.

அவ்வளவு செய்தும் சத்தம் கேட்கச் சகிக்கவில்லை. கீழே கடப்பைக் கல், மேலே கல் பலகை, நாலு பக்கமும் வழவழவென்று சுண்ணாம்புச் சுவர். தவில் ஒரு அடி அடித்தால் அறை மூன்று அடி திருப்பி அடித்தது. சித்தப்பா கையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒருநாள் என்னைக் கோட்டைக் களஞ்சியத்துக்கு இழுத்துப்போய் அங்கேயும் தட்டினார். "கேட்டியா பாப்பா? நம்ம ரூமுக்கும் இதே வியாதிதான்."

"இதுல நெல்லு இருந்தப்பக்கூட இப்டித்தான் கத்துமா சித்தப்பா?"

"சும்மா வா."

எனக்கு ஒன்பது வயது. நான் சொன்னதை யார் மதித்தார்கள்? வீட்டுக்கு வந்து அம்மாவின் புடவைகளைச் சுவரில் மாட்டினார். அம்மா ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போனாள்.

கார்த்திகையில் கடலைச் செடி பிடுங்கி ஆய்ந்து காயவைத்து மூட்டை கட்டினோம். அன்று பார்த்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. நைனா ஆட்களை விட்டு மூட்டைகளையெல்லாம் பின்னறையில் அடுக்கச் சொன்னார். சித்தப்பா வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"ண்ணா, இது பாட்டு கேக்கற ரூமு!"

"உன் பாட்டு நனையாது. என் கடல நனையும். நவுரு."

மூட்டைகள் உள்ளே போயின. சித்தப்பா சோறு தின்னவில்லை. சாயங்காலம் மூட்டைகளுக்கு நடுவே நுழைந்து, வயிற்றெரிச்சலோடு கேசட்டைப் போட்டார். போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். தவில் ஒரு அடி அடித்தது. ஒரு அடிதான் கேட்டது.

என்னைத் தூக்கித் தலைக்குமேல் சுற்றினார். விட்டத்தில் என் தலை இடித்தது. அழுதேன். அவரும் அழுதார், வேறு காரணத்துக்காக.

பிறகு அந்த அறையில் நடந்ததெல்லாம் திருவிழாதான். சித்தப்பா மூட்டைகளை நகர்த்தி நகர்த்திக் கேட்டார். மூலைகளில் கூரை வரைக்கும் அடுக்கினால் பேஸ் என்கிற கனத்த சத்தம் உளறவில்லை. நாற்காலிக்குப் பின்னால் இரண்டு வரிசை வைத்தால் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. தெருவே வந்து முறை வைத்து உட்கார்ந்தது. என் அத்தை உட்கார்ந்த உடனே எழுந்துவிட்டாள். "யாருடா அது நடுவுல நின்னு பாடறது?" இரண்டு பெட்டிக்கும் நடுவே வெறும் சுவர். போய்த் தடவிப் பார்த்து, பெட்டிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். அம்மாகூடக் கையில் கரண்டியோடு வந்து, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டுக் குழம்பைக் கருகவிட்டாள்.

நைனா மட்டும் வரவில்லை. "கல்யாணம் இல்லாத வூட்ல இன்னாடா மேளம்?" என்று தெருவிலிருந்தே கேட்டுவிட்டுப் போவார்.

ஆனால் கடலையை விற்றாக வேண்டும். விற்றால் அம்மாவுக்குத் தையல் மிஷின். அம்மா ஜன்னலோரம் அதற்கு இடம்கூட ஒழித்து வைத்துவிட்டாள். மூட்டை போனால் அறை பழையபடி கத்தும். அதனால் சித்தப்பா நைனாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ண்ணா, பொங்கல் கழிச்சி வித்தா ரேட்டு ஏறும்ணா."

"ஆம்ப்ளிஃபயர் சொல்லுச்சா? போடா."

மார்கழி அமாவாசைக்கு வீடே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கிளம்பியது. ஸ்பெஷல் பஸ்ஸில் இடம் பிடிக்கச் சித்தப்பாவை அம்மா முன்னால் விரட்டினாள். எனக்குக் காலில் ஆணி ஏறியிருந்ததால் நைனாவோடு விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் வியாபாரி லாரியோடு வந்து நின்றார்.

"அண்ணே, இதுக்கு மேல எவனும் குடுக்க மாட்டான். ஏத்தட்டுமா?"

நைனா ஒருமுறை பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வேணாம். பொங்கல் கழிச்சி வா."

"அப்ப ரேட்டு எறங்கிடும்ணே."

"எறங்கட்டும், போ."

லாரி போனது. நைனா தெருக்கதவைச் சாத்தினார். பின்னறைக்குப் போனார். நான் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். துண்டால் நாற்காலியைத் துடைத்தார். நாதஸ்வரக் கேசட் ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். முகம் சுளித்தார். எழுந்துபோய் இடது பக்கத்து மூட்டை ஒன்றைக் கட்டிப்பிடித்து ஒரு சாண் இழுத்தார். உட்கார்ந்தார். திரும்ப எழுந்து அதை அரைச் சாண் தள்ளினார். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கை விரலும் தொடையில் தவில் வாசித்தன.

"இன்னா நைனா பண்ற?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "எலி பாக்கறேன்."

"பாட்டு எதுக்கு?"

"பாட்டு போட்டாத்தான் எலி வெளிய வரும்."

நம்பினேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தேன். எலி வரவில்லை. கேசட்டின் மறுபக்கத்தையும் போட்டுப் பார்த்தோம். அப்போதும் வரவில்லை. நைனா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எலி இல்லாததால் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சித்தப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கத்தினார். "அண்ணி! தவுலு தனியா, சுத்தமா நிக்குது! எல்லாம் அங்காளம்மா!" இரண்டு பெட்டிக்கும் குங்குமம் வைத்தார். கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த நைனா துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார்.

பொங்கல் கழிந்தது. விலை விழுந்தது. ஏறட்டும் என்று மூட்டைகள் அறையிலேயே கிடந்தன. தையல் மிஷின் இல்லை. ஜன்னலோரத்தைப் பார்த்துப் பார்த்து அம்மா அழுதாள்.

"நல்ல ரேட்டுக்கு வந்தவன ஏன் அனுப்புனீங்க?"

"உன் கொழுந்தன்தான் இருக்கட்டும், இருக்கட்டும்னான்" என்றார் நைனா.

சித்தப்பா வாயைத் திறந்தார். நைனாவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அம்மா அன்று வைத்த பெயர்தான் மூட்டை மெக்கானிக். மிஷின் வர இரண்டு வருஷம் ஆனது, பெயர் மட்டும் போகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலும் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. இன்று அவர் பேத்திகூட அப்படித்தான் கூப்பிடுகிறது.

அன்று மூட்டையை நகர்த்தியது நைனா என்று தெரியுமா என்று போன மாதம் சித்தப்பாவிடம் நேராகவே கேட்டேன். சிரித்தார்.

"அன்னிக்கே தெரியும் பாப்பா. எந்த மூட்ட எங்க இருந்துதுன்னு எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் காது என் காதவுட நல்ல காது. நான் வெச்சத அவரு சரி பண்ணிட்டாரு."

"அப்ப அங்காளம்மா?"

"அது சும்மா."

"அப்புறம் ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா அண்ணி கத்தும். அவரு வெக்கப்பட்டுக்கினு அந்த நாற்காலிகிட்டயே வரமாட்டாரு. நான் கடைக்கும் அண்ணி கழனிக்கும் போனப்புறம் தெனம் வந்து கேப்பாரு, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சினிமாப் பாட்டுப் பைத்தியமான சித்தப்பா திடீரென்று மேளக் கேசட்டாக வாங்கிக் குவித்தது எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. கடைக்குக் கிளம்பும்போது கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்துவிட்டு, அறைக் கதவைத் திறந்தே விட்டுப்போனதை மறதி என்றுதான் நினைத்தேன்.

சித்தப்பா விட்டுக்கொடுக்கலாம். நான் விடமாட்டேன். அடுத்த மாதம் அவர் பேத்திக்குக் காதுகுத்து. மண்டபத்தில் சொந்தம் அத்தனையும் இருக்கும், மைக் இருக்கும், அம்மா முன்வரிசையில் இருப்பாள். நைனா, நீ எழுந்து அந்த மைக்கைப் பிடி. லாரியைத் திருப்பி அனுப்பியது யார், எதற்காக அனுப்பினார்? எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லு.