பீடோர்வரை ஓடாத பேட்டரிக் கார்

எஞ்சின் இல்லாத கார்

ஈப்போ ஒர்க்‌ஷாப்பில் நான் பேட்டரி ரூமில் ஆசிட் கலக்குகிறவன். டிரைவர் இல்லை. ஜப்பான்காரன் வந்து பெட்ரோலையெல்லாம் பட்டாளத்துக்கென்று எடுத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு அந்த உத்தியோகம் வந்தது.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுவிட்டு ஓடிய சலூன் கார் ஒன்று ஒர்க்‌ஷாப் பின்னால் கிடந்தது. எஸ்டேட்டுகளை மேற்பார்க்க வந்த ஜப்பான் அதிகாரிக்கு அதன்மேல் கண். கரிப்புகையில் ஓடும் லாரியில் ஏறினால் வெள்ளைச் சட்டை பாழாகிறது என்று அவருக்குக் குறை. எஞ்சினைக் கழற்றிப் போட்டு, லம்பம் என்கிற ஈயச் சுரங்கத்தில் பம்பு ஓட்டிய மோட்டார் ஒன்றை அந்த இடத்தில் மாட்டினோம். பின் சீட்டைப் பிடுங்கிவிட்டு அங்கே பேட்டரிகளை அடுக்கினோம். செய்து முடித்துப் பார்த்தால், பொங்கலுக்கு ஜோடித்த மாடு மாதிரி முன்னால் அழகாகவும் பின்னால் கனமாகவும் நின்றது.

துவான், அதாவது அந்த அதிகாரி, சுற்றி வந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "ஹரி ஹரி போலே பாக்காய்?" என்று கேட்டார். தினசரி உபயோகத்துக்கு ஆகுமா என்று அர்த்தம்.

"போலே, துவான்" என்றேன். ஆகாது என்று அந்தக் காலத்தில் யார் சொல்வது?

பேட்டரியைப் பற்றித் தெரிந்தவன் நீதான், நீயே ஓட்டு என்று என்னை வண்டியோடு சேர்த்துக் கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லம்பத்துக் கரண்ட் அந்த எஸ்டேட் பேக்டரிவரை வந்திருந்தது. சார்ஜ் போடும் செட்டை அங்கேயே இறக்கி வைத்தோம்.

தினப்பாட்டுக்கு

துவான் அன்றைக்குக் கேட்டதற்கு இப்போது நேர்மையாகச் சொல்கிறேன். தினப்பாட்டுக்கு அந்தக் கார் நன்றாகவே ஆனது. காலையில் துவானை ஈப்போவுக்குக் கொண்டுபோவேன், சாயங்காலம் திரும்புவேன், செட்டில் மாட்டுவேன். மேட்டில் ஏறும்போது மிதிக்கக் கூடாது, இறக்கத்தில் சுவிட்சை அணைத்துவிட்டு உருட்ட வேண்டும், மழையில் பின்பக்கத்துக்குத் தார்ப்பாய் போட வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் வண்டி சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் அதற்கு ஒரு கயிறு கட்டியிருந்தது. போய்வரும் தூரம் அவ்வளவுதான். சார்ஜ் போட வழி இல்லாத ஊருக்கு அது போகாது.

சத்தமும் கிடையாது. முதலில் அது சுகமாக இருந்தது, பிறகு எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஆளில்லாத ரோட்டில், எஞ்சின் சத்தம்கூடத் துணைக்கு இல்லாமல் போய்வந்து பாருங்கள், தெரியும்.

எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த லயத்தில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறான் என்று லாரி லாரியாக ஏற்றினார்கள். என்னோடு ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் போனார்கள், அடுத்த வீட்டுக்காரன் போனான், எதிர்வீட்டில் கதவே திறந்து கிடந்தது. ரோட்டில் தனியாக நடக்கிறவனையும் பிடித்து ஏற்றினார்கள். என்னைத் தொடவில்லை. நான் காருக்கு வேண்டியவன், காரின் முன்னால் துவானின் கொடி பறந்தது.

பேச்சுத் துணைக்கு எஞ்சியவன் வேலு ஒருவன்தான். பேக்டரி ஸ்டோரைக் காவல் காக்கிறவன். பால்வெட்டு நின்றுபோனதால் அவனுக்கு வேலையே இல்லை. பிரம்புக் கூடை பின்னிய பெரிய கண்ணாடி ஜாடிகளில் பால் உறைய வைக்கிற ஆசிட் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பான். அந்த நெடி அவனுக்கு மூக்கில் ஏறவே ஏறாது. மரவள்ளிக்கிழங்கு அவித்தால் எனக்குப் பாதி எடுத்துவைப்பான்.

நான் மழைத்தண்ணீரைப் பீங்கான் பேசினில் பிடித்து, துணியில் வடிகட்டி, பேட்டரிக்கு ஊற்றுவதைப் பார்த்து அவனுக்கு ஒரே சிரிப்பு.

"என்னாண்ணே இது, செடிக்கு ஊத்துற மாதிரி ஊத்துறீங்க. பாலு ஒறையணும்னாலே ஆசிட்டு வேணும். இம்மாம்பெரிய காரு, வெறும் மழத்தண்ணியில ஓடுமாலா?"

"ஓடுதுல்ல, பாத்துக்கிட்டுத்தான இருக்க?"

"ஓடுது. நொண்டிக்கிட்டு ஓடுது."

அவனுக்கு விளக்கம் சொல்ல நான் உட்காரவில்லை. கேலி பேசவாவது ஒருவன் இருக்கிறானே என்று இருந்தது எனக்கு.

பீடோர்

எனக்குச் சொந்தமென்று மிச்சம் இருந்தது தம்பி ராமு மட்டும்தான். பீடோர் பக்கத்து எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். அங்கேயும் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மறுநாள் காரை நிறுத்திவிட்டுத் துவானிடம் கேட்டேன். பேட்டரியைக் கழற்றி மாட்ட எனக்கு ஒரு கையாள் வேண்டும், என் தம்பிக்கு இந்த வேலை வரும் என்றேன். ராமுவுக்குப் பேட்டரி என்றால் என்னவென்றே தெரியாது.

துவான் யோசித்தார். காரில் வேலை பார்க்கிறவனை யாரும் தொடமாட்டார்கள், போய்க் கூட்டிக்கொண்டு வா என்றார். பீடோரில் ஒரு சீனர் பலகை மில்லில் டைனமோ இருக்கிறது, திரும்பி வர அங்கே சார்ஜ் போட்டுக்கொள் என்று அவரே வழியும் சொன்னார். பஸ்ஸிலோ சைக்கிளிலோ போக முடியாது. கொடி இல்லாமல் போனால் நானும் லாரியில் ஏற வேண்டியதுதான்.

ஒருவழிப் பயணம் என்றால் பீடோர்வரை ஓடும் என்று கணக்குப் போட்டேன். முழுச் சார்ஜ் போட்டு, மிதிக்காமல் போனால் ஓடும். தண்ணீர் மட்டம் பார்த்து, மூடியெல்லாம் இறுக்கி, செட்டில் மாட்டிவிட்டு வேலுவிடம் சொன்னேன்.

"தம்பிய கூட்டியாரப் போறேன்டா."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "கூட்டியாங்கண்ணே. மூணு பேரா இருக்கலாம்லா. நான் செட்டப் பாத்துக்கிறேன், நீங்க போய்ப் படுங்க."

விடிந்ததும் கிளம்பினேன்.

பாலத்தில்

கம்பார்வரை ஒன்றும் தெரியவில்லை. கம்பார் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. சமதளத்திலேயே சோர்ந்தது. சுவிட்சை அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டேன். சிறிது தூரம் வந்தது. ஒரு குறுகிய மரப்பாலத்தின் நடுவில் ஏறி, நின்றுவிட்டது.

பின்பக்கம் போய்த் தார்ப்பாயை எடுத்து முதல் மூடியைத் திறந்தேன். பால் உறைய வைக்கிற ஆசிட்டின் நெடி முகத்தில் அடித்தது. அடுத்த மூடி, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அதே நெடி.

உள்ளே இருந்த பேட்டரி ஆசிட்டை வெறும் மழைத்தண்ணீர் என்று நினைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, ஸ்டோரில் இருந்ததை ஊற்றியிருக்கிறான் வேலு. கார் நொண்டாமல் பீடோர் போய்ச்சேர வேண்டும் என்று. பேட்டரியில் இருக்கிற ஆசிட் வேறு, பால் உறைய வைக்கிற ஆசிட் வேறு. இது ஈயப் பிளேட்டைத் தின்றுவிடும். ரப்பர் ஸ்டோரிலேயே வளர்ந்தவனுக்கு உலகத்தில் ஆசிட் என்றால் ஒன்றுதான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

அப்போது பீடோர் வழியில் இருக்கிற தாப்பா பக்கத்திலிருந்து கரி லாரி ஒன்று வந்தது. பாலத்தில் கார் நிற்பதால் அதற்கு வழியில்லை. ஒரு சோல்ஜர் குதித்து வந்து கத்தினான். கொடியைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, லாரியில் இருந்தவர்களை இறங்கித் தள்ளச் சொன்னான். எல்லாம் நம்மாட்கள். பீடோரில் முந்தியே எடுத்துவிட்டார்கள். நாலாவது ஆளாக இறங்கியவன் ராமு.

"அண்ணே" என்றான்.

நான் சோல்ஜரிடம் ஓடினேன். இவன் என் தம்பி, இந்தக் காரில் வேலைக்கு எடுத்திருக்கிறது, துவான் உத்தரவு என்று தெரிந்த மலாயில் எல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகவே கேட்டான். கொடியைப் பார்த்தான், ராமுவைப் பார்த்தான். பிறகு காரைக் காட்டி, "போலே ஜாலான்?" என்றான். ஓடுமா?

"போலே" என்றேன்.

ஓட்டிக்காட்டு, கார் ஓடினால் ஆளை எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினான்.

உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். அணைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். என் வாழ்க்கையில் நான் அப்படிச் சாமி கும்பிட்டது இல்லை. ஒரு சாண்கூட நகரவில்லை.

சோல்ஜர் தலையை ஆட்டிவிட்டு லாரிப் பக்கம் போனான். ராமு என் ஜன்னல் அருகே வந்தான்.

"நீ எறங்காத அண்ணே. ஸ்டேரிங்கப் புடிச்சுக்க. நாங்க தள்ளுறோம்."

நான் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் தள்ளினார்கள். கார் பாலத்தைத் தாண்டி, ஓரமாக லாலான் புல்லில் இறங்கி நின்றது. நான் கதவைத் திறப்பதற்குள் அவர்களை ஏற்றிவிட்டார்கள். லாரி கம்பார் பக்கம் போயிற்று. ராமு சயாமிலிருந்து திரும்பவில்லை. எந்த முகாமில், எந்த மாதத்தில் என்று சொல்லக்கூட ஒருவரும் கிடைக்கவில்லை.

வேலு கேட்டது

துவானின் ஆட்கள் மறுநாள் காரை லாரியில் கட்டி ஈப்போவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், என்னை வழியில் எஸ்டேட் வாசலில் இறக்கிவிட்டார்கள். பிளேட் பழசு, தேய்ந்துபோய்விட்டது என்று பிறகு துவானிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் வேலுவின் தலை இருக்காது. பேட்டரிகளை வழித்துக் கழுவிக் கவிழ்த்தேன். என்னை லம்பத்து விளக்குகளுக்குச் சார்ஜ் போட வைத்துக்கொண்டார்கள்.

பேட்டரி வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். வண்டி தினமும் எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்து அதை நம்பாதீர்கள். கிளம்புகிற காலையில் ஒவ்வொரு மூடியையும் உங்கள் கையால் திறந்து, மோந்து பாருங்கள். முந்தின நாள் பார்த்தது கணக்கில் சேராது. பேட்டரி ரூமுக்கு வருகிறவன் கேலியாக ஒன்று கேட்டாலும், உட்காரவைத்துப் பதில் சொல்லிவிடுங்கள்.

நான் எஸ்டேட்டுக்குத் திரும்பிய அன்று வேலு மூன்று தட்டில் கிழங்கு வைத்திருந்தான். நான் தனியாக நடந்து வருவதைப் பார்த்து எழுந்து நின்றான்.

"எடுத்துட்டானுங்களா?" என்றான்.

"எடுத்துட்டானுங்க."

ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "உங்ககிட்ட சொல்லலண்ணே, சொன்னா வேணாம்பீங்க. நல்ல ஆசிட்டா ஊத்தி வச்சேன். காரு நல்லா ஓடுச்சுதானே?"

அவனைத் தவிர எனக்கு ஒருவரும் இல்லை. அவனுக்கும் அப்படித்தான்.

"நல்லாத்தான்டா ஓடுச்சு" என்றேன். "நான்தான் லேட்டாக் கெளம்பிட்டேன்."

"கொஞ்சம் வெள்ளனக் கெளம்பியிருக்கலாம்லா அண்ணே" என்றான் வேலு.

"ஆமாடா" என்றேன்.